லைலாக் பூக்கவில்லையா? கடைசியாக எப்போது வெட்டினீர்கள்?

"செடி தளதளன்னு இருக்கு, பூதான் வரலை" என்று யாராவது லைலாக்கைப் பற்றி, அதாவது கொத்துக் கொத்தாகப் பூக்கும் அந்தக் குளிர்நாட்டுப் புதர்ச்செடியைப் பற்றிப் புலம்பினால் நான் உரத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. கடைசியாக எப்போது வெட்டினீர்கள் என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் "இலையெல்லாம் கொட்டின பிறகு, குளிர் வர்றதுக்கு முன்னாடி ஒழுங்கா வெட்டி விட்டுட்டோமே" என்று பெருமையாகப் பதில் வரும். சரி, விசாரணை முடிந்தது.

மல்லிகை வளர்த்துப் பழகிய கைகளுக்கு இது இன்னும் சிக்கல். மல்லிகை புதுத் தளிரில் பூக்கும். கவாத்து செய்தால் துளிர்க்கும், துளிர்த்தால் அரும்பு கட்டும். லைலாக்கும் அதே குடும்பம்தான்; மல்லிகை, பவளமல்லி, ஆலிவ் எல்லாமே தாவரவியல்படி அதற்குச் சொந்தம். ஆனால் இந்த விஷயத்தில் குணம் நேரெதிர். லைலாக் பூப்பது போன வருடம் வளர்ந்த கிளையில். வசந்தத்தில் பூத்து முடிந்த கையோடு புதுக் கிளை விட்டு, கோடைக்குள்ளேயே அடுத்த வருடத்துப் பூவுக்கான மொட்டை அதன் நுனியில் வைத்துவிடும். அதற்குப் பிறகு எப்போது வெட்டினாலும் வெட்டுவது அடுத்த வருடத்துப் பூவைத்தான்.

சந்தேகம் இருந்தால் இலையில்லாத காலத்தில் ஒரு கிளை நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். நுனியில் இரண்டு மொட்டுகள் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். உருண்டு பருத்து, பச்சையும் அரக்கும் கலந்த செதில்களால் மூடியிருந்தால் உள்ளே பூங்கொத்து இருக்கிறது. கீழே தண்டை ஒட்டி ஒல்லியாக, கூர்மையாக இருப்பவை இலை மொட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே வித்தியாசம் தெரியும். செடியை உருண்டையாக, அழகாக இருக்கட்டும் என்று சுற்றி வெட்டுகிறவர்கள் சரியாக அந்தப் பருத்த ஜோடிகளைத்தான் தேடித் தேடி எடுக்கிறார்கள். மிஞ்சுவது இலைதான். அதனால்தான் செடி தளதளவென்று இருக்கிறது.

வெட்ட வேண்டிய நேரம் பூ வாடியதும் வருகிற சில வாரங்கள் மட்டும். பழுப்பேறிய கொத்தின் அடியில் பார்த்தால் இருபுறமும் இரண்டு இளந்தளிர்கள் கிளம்பியிருக்கும். அவற்றுக்கு மேலாக, அவை அடிபடாமல் கொத்தை மட்டும் நறுக்க வேண்டும். விதை கட்டுவதில் செலவாகும் தெம்பு மிச்சமாகும் என்பதால் சின்னச் செடியில் இதை விடாமல் செய்வேன். ஆளுயரத்தைத் தாண்டிய செடியில் ஏணி போட்டு ஒவ்வொரு கொத்தாக எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. செடியும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பழைய லைலாக் இருக்கிறது. இரண்டு ஆள் உயரம், கீழே வெறும் கட்டை, பூவெல்லாம் உச்சியில் காக்கைக்கு மட்டும் தெரிகிற இடத்தில். வீட்டுக்காரர் அதைத் தோண்டி எறியப் போவதாகச் சொன்னபோது, மூன்று வருடம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். லைலாக் நூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடிய செடி. கிழடு தட்டுவது தண்டுக்குத்தான், தூருக்கு இல்லை. இருக்கிற தண்டுகளில் ஆகத் தடித்த மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு அறுத்துவிட வேண்டும். அடுத்த வருடம் மீதியில் பாதி, அதற்கடுத்த வருடம் மிச்சம். அடியிலிருந்து கிளம்பும் புதுத் தண்டுகளில் திடமானவற்றை விட்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். மொத்தத்தையும் ஒரே வீச்சில் வெட்டினாலும் செடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் சில வருடங்களுக்குப் பூவை மறந்துவிட வேண்டியதுதான். அவர் சம்மதித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. இப்போது அங்கே கண் மட்டத்தில் பூக்கிறது, என் பெயரை அவர் எங்கும் சொல்வதில்லை!

அடியிலிருந்து வருவதெல்லாம் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒட்டுக்கன்றாக இருந்தால் வேர் வேறு செடியுடையது, பல நேரம் ப்ரிவெட் என்கிற வேலிச்செடி. லைலாக்கின் இலை வெற்றிலை போல அடி அகன்று நுனி கூராக இருக்கும். ப்ரிவெட் இலை சிறிதாக, நீள்வட்டமாக இருக்கும். அந்த இலையோடு ஒரு குச்சி வந்தால் உடனே கிள்ளி எறியுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் லைலாக்கை அது விழுங்கிவிடும். சொந்த வேரில் வளர்ந்த கன்றாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. அதில் வரும் பக்கக் கன்றை வேரோடு பிரித்து யாருக்காவது கொடுக்கவும் செய்யலாம்.

கத்தரிக்கோல் குற்றவாளி இல்லையென்றால் அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். முன்பு பூத்த செடி நின்றுவிட்டதென்றால், அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் பக்கத்து மரம் வளர்ந்து நிழல் போட்டிருக்கும். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் வேர்வரை போனால் இலைதான் கொழிக்கும். மண் புளித்திருந்தால் கொஞ்சம் சுண்ணாம்பு போடலாம். கார அமில நிலை 6.5-இலிருந்து 7 வரை இருந்தால் லைலாக்குக்குச் சந்தோஷம். தண்ணீர் தேங்கும் இடம் ஆகவே ஆகாது. புதிதாக நட்ட கன்று மூன்று நான்கு வருடம் கூட யோசிக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. குளிரே வராத ஊர் என்றால் பொதுவாக லைலாக்கை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் பல வாரங்கள் நல்ல குளிரில் தூங்கி எழுந்தால்தான் அந்த மொட்டு ஒழுங்காக விரியும்.

கோடைக் கடைசியில் இலையில் வெள்ளையாக மாவு படிவது சாம்பல் நோய். பார்க்கச் சகிக்காது, செடியை ஒன்றும் செய்துவிடாது. நான் மருந்து அடிப்பதில்லை, நடுவில் காற்று புகும்படி தண்டுகளைக் குறைப்பதோடு சரி. அந்த நோய் கண்ணை உறுத்தினால் 'மிஸ் கிம்' வையுங்கள். 1947-இல் எல்வின் மீடர் என்பவர் கொரியாவில் சேகரித்த விதையிலிருந்து வந்த வகை, 1954-இல் வெளியானது. குட்டையாக அடங்கி நிற்கும், மற்றவை முடிகிற நேரத்தில் பூக்கும், சாம்பல் நோய் அவ்வளவாகத் தீண்டாது. சின்னத் தோட்டத்துக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் என் மனசு 'மேடம் லெமுவான்' பக்கம்தான். 1890-இல் வந்த வெள்ளை அடுக்குப் பூ. பிரான்சின் நான்சி நகரில் விக்டர் லெமுவான் என்ற செடி வளர்ப்பாளர் 1870-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் லைலாக்குகளை ஒன்றோடொன்று கலந்து புது வகைகளை உருவாக்கத் தொடங்கினார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது, அதனால் ஏணியில் ஏறி அந்தப் பொடிப் பூக்களுக்குள் மகரந்தம் வைத்தது அவர் மனைவி மரி லூயிஸ். பூவுக்கு 'மேடம்' என்று பெயர் வைத்ததோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஜாடிக்காக வெட்டுவதும் கவாத்துதான், அதுவும் சரியான நேரத்துக் கவாத்து. ஆகவே தயங்காமல் வெட்டுங்கள். காலையில், கொத்தில் பாதிக்கு மேல் விரிந்திருக்கும்போது, ஒரு முழம் நீளத்துக்குக் கிளையோடு எடுத்துவிடலாம். இலைகளை அநேகமாக எல்லாவற்றையும் உருவிவிட வேண்டும், அவை பூவுக்குப் போகிற தண்ணீரைக் குடித்துவிடும். தண்டு கட்டை போல இருப்பதால் அடியில் கத்தியால் ஒரு அங்குலம் நெடுக்காகப் பிளந்து, உடனே வாளித் தண்ணீரில் கழுத்துவரை நிறுத்தி, சில மணி நேரம் கழித்து ஜாடிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் தலையைத் தொங்கப்போட்டுவிடும்.