சேனைக்குப் பயிற்சி, மண்டபத்திலா?

ஆகஸ்ட் 19, வெள்ளவத்தை

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பக்கத்தில், இலங்கையின் பழங்குடிகளான வேடர்களின் ஊர்களுக்கான விவசாயப் பயிற்சித் திட்டத்தின் முதல் வரைவு இன்று அலுவலகத்தில் கைக்கு வந்தது. நவம்பர் கடைசியில் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மண்டபம், இரண்டு நாள், மதியச் சாப்பாடு. நவம்பரில் அங்கே மழை கொட்டும், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனையில் சோளன் (மக்காச்சோளம்) வளர்ந்து நிற்கும், பன்றிக்கும் யானைக்கும் இரவிரவாகக் காவல் கிடக்கிற சனம் அதை விட்டுவிட்டு எப்படி பஸ் ஏறி வரும்? விதைப்புக்கு முன்னால் சொல்ல வேண்டியதை விதைத்து முடிந்த பிறகு சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஆகஸ்ட் 21

வாகரையில் ஒரு அம்மாவுடன் போனில் நெடுநேரம் பேசினேன். பயிற்சிக்கு எப்போதும் வீட்டு ஆம்பிளையின் பெயரைத்தான் எழுதுவார்களாம், ஆனால் குரக்கன் (கேழ்வரகு) விதைப்பதும் களை பிடுங்குவதும் விதை எடுத்து வைப்பதும் அவர்தான். “விதைக்க எங்களுக்குத் தெரியும் மகள், இந்தப் புழுவுக்குத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல” என்றார். படைப்புழுவைச் சொல்கிறார். 2018இல் இலங்கைக்கு வந்தது, சோளனின் குருத்துக்குள் ஒளிந்துகொண்டு தின்னும். தலையில் கவிழ்ந்த ‘ஒய்’ மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. குஞ்சுப் புழுவாக இருக்கும்போதே கண்டுபிடித்தால்தான் மருந்துக்கு மடங்கும், குருத்துக்குள் பெருத்துவிட்டால் அடிக்கிற மருந்து அதில் படாது. இதைப் படத்தில் காட்டி என்ன, இலையைப் புரட்டி முட்டையைத் தேடப் பழக்க வேண்டும்.

2007 தொடக்கத்தில் போரால் இடம்பெயர்ந்தபோது வீட்டில் வைத்திருந்த விதையெல்லாம் போனதையும் சொன்னார். கலப்பினச் சோளனை ஒவ்வொரு போகமும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால் குரக்கன், பயறு, கௌபி (தட்டைப்பயறு) விதையைப் பூச்சி பிடிக்காமல் காத்து வைப்பதும் பாடத்தில் சேர வேண்டும்.

ஆகஸ்ட் 26

சேனையே காட்டை அழிக்கும், அதை விடச் சொல்லித்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர். வாக்குவாதம் நீண்டது. முன்பு வருடக்கணக்கில் நிலத்தைச் சும்மா விட்டார்கள், காடு திரும்ப வந்தது. இப்போது விட நிலமில்லை, அதே துண்டில் திரும்பத் திரும்பச் சோளன், மண் களைத்துப் போகிறது. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா வந்தபோது தம்பானையிலிருந்து பல வேடர் குடும்பங்களை ஹெனானிகலைக்கு மாற்றி நெல் வயல் கொடுத்தார்கள். அவர்கள் என்ன பயிரிட வேண்டும் என்பதை அப்போதும் வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். சேனையை விடு என்று சொல்வதைவிட, சரிவுக்குக் குறுக்கே வரம்பு கட்டவும் சோளனுக்கு அடுத்து பயறு போடவும் இலைதழையால் மண்ணை மூடி மூடாக்கு இடவும் கூடவே நின்று காட்டினால் மண் மிஞ்சும்.

செப்டம்பர் 2

கூட்டம் முடிந்தது. பயிற்சி இந்த மாதமே, முதல் மழைக்கு முன், சேனையிலேயே. பெயர்ப் பட்டியலில் பெண்கள் தனியாக வருவார்கள், நல்லது. கமநல சேவை நிலையத்திலிருந்து வரும் விவசாயப் போதனாசிரியர் பயிர் வளர்ந்த பிறகும் இரண்டு தரம் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன், அதற்குப் பெற்றோல் காசு ஒதுக்கவில்லை என்றார்கள். சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் வைத்த காசு மிச்சம்தானே, அதிலிருந்து எடுக்கும்படி நாளைக்கே கடிதம் எழுதிக் கொடுக்கிறேன்.