காந்தத்தைத் திருப்பிப் பார்த்தியா?

பிஎச்டி இரண்டாம் ஆண்டில் என் கையில் இருந்தது ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் காந்த உலோகமான கோபால்ட் 5 நானோமீட்டர், அதற்கும் மேல் 3 நானோமீட்டர் பிளாட்டினம். இரண்டும் சேர்ந்தே தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதன் மீது லேசர் ஒளி பட்டால் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

முதல் நாளே வந்துவிட்டது, 4 மைக்ரோவோல்ட். ஓடிப்போய் என் ஆய்வு வழிகாட்டியான மேடத்திடம் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "காந்தத்தைத் திருப்பிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. சாம்பிளைக் காந்தமாக்க வைத்திருந்த மின்காந்தத்தின் மின்னோட்டத்தைத் திருப்பியபோது எண் அசையவே இல்லை. காந்தத்தால் பிறந்த மின்னழுத்தம் என்றால் காந்தம் திரும்பும்போது அதன் குறியும் திரும்ப வேண்டும். அப்போ இது எங்கிருந்து வருகிறது? லேசர் புள்ளி அளவிடும் கம்பியை ஒட்டிய ஒரு சில்வர் பேஸ்ட் இணைப்பின் பக்கமாக விழுந்திருந்தது. அந்த இணைப்பு மட்டும் சூடாகி, இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் சாதாரண வெப்ப மின்னழுத்தம் உண்டாகியிருந்தது. இயற்பியலாளர் சீபெக் 1821-ல் பார்த்ததை நான் மறுபடி 'கண்டுபிடித்து' வைத்திருந்தேன்.

சரி என்று புள்ளியை நடுவுக்கு நகர்த்தினேன். இப்போது எண் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. லேசரை அட்டையால் மறைத்தாலும் நிற்கவில்லை. ஒளியை வெட்டி வெட்டி அனுப்பும் சாப்பரை, முழு எண்ணாக இருக்கட்டுமே என்று 100 ஹெர்ட்ஸில் ஓடவிட்டிருந்தேன். சுவர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் இரட்டிப்பு எங்கள் கம்பிகளில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு அதிர்வெண்ணில் வரும் மின்னழுத்தத்தை மட்டும் பொறுக்கி அளக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயர், நான் கேட்ட அதிர்வெண்ணை விசுவாசமாக அளந்து தந்ததில் அதன் தப்பு ஒன்றுமில்லை. 137-க்கு மாற்றியதும் அடங்கியது.

அப்புறம் ஒரு நாள் இரவு, காந்தப்புலத்தை மெல்ல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோனபோது மின்னழுத்தக் கோடு திரையில் சதுரமான ஒரு வளையமாக விழுந்தது. ஒரு திசையில் +0.3 மைக்ரோவோல்ட், எதிர்த்திசையில் −0.3. முதல் நாள் பார்த்த 4-ஐவிட இந்த 0.3 எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நடப்பது இதுதான்: ஒளியை உறிஞ்சி உலோகம் சூடாகிறது, சூடு கண்ணாடிக்குள் கீழே இறங்குகிறது. காந்தமாக்கம் படலத்தின் தளத்திலேயே ஒரு திசையில் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாம் திசையில் மின்னழுத்தம் பிறக்கிறது. இதற்குப் பெயர் அசாதாரண நெர்ன்ஸ்ட் விளைவு. கூடவே இன்னொன்றும் கலந்திருக்கலாம்: கோபால்ட்டிலிருந்து எலக்ட்ரான்களின் ஸ்பின் (ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம்போல் இருக்கும் தன்மை) பிளாட்டினத்துக்குள் ஓடி, அங்கே பக்கவாட்டில் வளைந்து மின்னழுத்தமாவது. ஜப்பானில் உச்சிடா, சைத்தோ குழு 2008-ல், சூட்டால் ஸ்பின் ஓடும் இந்த 'ஸ்பின் சீபெக் விளைவை' அறிவித்த பிறகு எல்லோருக்கும் அதைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது, எனக்கும்தான்.

பிரித்துப் பார்க்க, பிளாட்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன் பூசினோம். அதில் ஸ்பின் எதிர்ப்பக்கம் வளையும். வளையம் சுருங்கியது; ஸ்பினும் கலந்திருந்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் டங்ஸ்டனின் மின்தடை வேறு, ஒளியை உறிஞ்சும் அளவும் வேறு. அதை மட்டும் நம்பி ஸ்பின் என்று எழுத மேடம் விடவில்லை. எனக்கு அப்போது கோபம்தான்.

என்னை மாற்றியது அடுத்த சோதனை. சாம்பிளை அசைக்காமல், ஒளியைத் திருப்பும் ஆடிகளை வைத்து லேசரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்தேன். ஒளி எதிர்த்திசையில் வருவதால் குறி மாறும் என்று மேடத்திடம் டீ பந்தயம் கட்டியிருந்தேன். மாறவில்லை. எந்தப் பக்கம் ஒளி விழுந்தாலும் மெல்லிய உலோகத்தில் சேரும் சூட்டுக்கு வெளியேற ஒரே வழி கண்ணாடிதான். மேலே இருப்பது வெறும் காற்று. ஒளி இங்கே அடுப்பு வேலைதான் பார்த்திருக்கிறது.

டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே ஆய்வேட்டுத் தலைப்பில் 'ஒளியால்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'லேசர் சூட்டால்' என்று எழுதினேன்.