ஐப்பசி மழையில் இன்குபேட்டர்

நவம்பர் 10

முட்டைகளை அடை வைத்து ஏழாம் நாள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு முட்டையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை. கரு பிடித்த முட்டைகளில் சிலந்திவலை மாதிரி ரத்த நரம்புகள் ஓடுகின்றன, நடுவே ஒரு கரும்புள்ளி அசைகிறது. வெறுமையாகத் தெரிந்த கூமுட்டைகளை எடுத்தாயிற்று. ஒன்றில் நரம்புகளே இல்லை, சிவப்பாக ஒரு வளையம் மட்டும். கரு தொடங்கிப் பாதியில் இறந்திருக்கிறது. அதுவும் வெளியே, உள்ளேயே அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளுக்கும் கேடு.

பெட்டி தெர்மாகோல்தான். இரண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டர் ஃபேன், சூட்டைப் பார்த்து பல்பை அணைத்துப் போடும் கன்ட்ரோலர். 37.7 டிகிரி, ஈரப்பத மீட்டரில் 50. புத்தகத்தில் இருப்பது அப்படியே.

நவம்பர் 17

ஒரு வாரமாக மழை விடவில்லை. சுவரெல்லாம் ஓதம்.

இன்று டார்ச் அடித்ததில் ஒன்று உறுத்தியது. முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை, பதினான்காம் நாளுக்கு நல்ல பெரிதாகியிருக்க வேண்டும். போன வாரம் பென்சிலில் போட்ட கோட்டை அது கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. அடை வைத்த அன்று பத்து முட்டைகளைச் சேர்த்து எடை போட்டு 450 கிராம் என்று குறித்து வைத்திருந்தேன். இன்று அதே பத்தும் 425. இந்நேரம் 410 பக்கம் வந்திருக்க வேண்டும். அடைக்காலத்தில் முட்டை தன் எடையில் 12 சதவீதம் போல நீரை ஓட்டின் வழியாக இழக்க வேண்டும். அந்த இடத்தில்தான் காற்று சேர்கிறது; குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்தக் காற்றில்.

50 சதவீத ஈரத்தில் இவ்வளவு குறைவாக வற்றாது. மீட்டர் மேல் சந்தேகம். ஒரு மூடியில் கல்லுப்பு போட்டு, சேறாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். உப்பு கரையாமல் மிச்சம் இருக்கும்வரை உள்ளே காற்றின் ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும். காலையில் தெரிந்துவிடும்.

நவம்பர் 18

மீட்டர் காட்டியது 62. பதின்மூன்று குறைவு! ஆக, 50 என்று நம்பியதெல்லாம் உண்மையில் 63. கடைக்காரரிடம் சொன்னால், "எல்லாப் பீஸும் அப்படித்தாங்க இருக்கும்" என்கிறார்.

தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டேன். வெளியே 25 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, பெட்டிக்குள் 37.7க்குச் சூடானால் தானாகவே 44 சதவீதம் ஆகிவிடும். அடைமழையில் ஒரு சொட்டுகூட ஊற்றத் தேவையில்லை. சித்திரையில் 38 டிகிரி, 30 சதவீதம் என்றால் உள்ளேயும் அதே 30தான். அப்போது ஊற்றித்தான் ஆகவேண்டும். மாதம் பார்க்காமல் "தட்டில் பாதி தண்ணீர்" என்று சொல்லும் வீடியோக்களை என்ன செய்வது?

நவம்பர் 21

பதினெட்டாம் நாள். 411 கிராம். ஒன்பது சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. முன்பைவிடப் பரவாயில்லை, போதாது.

இன்றோடு முட்டைகளைத் திருப்பிவிடுவது நின்றது. குஞ்சுக்குக் கால் வழுக்காமல் இருக்க அடியில் காடாத் துணி. காற்றுத் துளைகள் எல்லாம் திறந்தாயிற்று. பொரிக்கும் நேரத்தில்தான் குஞ்சு அதிகம் மூச்சு வாங்கும். கடைசி மூன்று நாளும் ஈரத்தை 70க்கு ஏற்றச் சொல்வார்கள். ஏற்கெனவே ஈரம் மிஞ்சிய முட்டைகள் என்பதால் திருத்திய கணக்கில் 65 வைத்தேன். அதற்கும் கீழே போனால், ஓட்டைத் திறந்த பிறகு சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அம்மாயி வந்து எட்டிப் பார்த்தார். "வெதுவெதுன்னு தண்ணியில ஒருக்காப் போட்டுப் பாரு கண்ணு, உசுரு இருந்தா ஆடும்."

"ஓட்டுல கண்ணுக்குத் தெரியாம விரிசல் இருந்தா தண்ணி உள்ள போயிரும் அம்மாயி."

"நாங்க போடாததா?" என்று கிளம்பிவிட்டார். அவர் சொல்வதில் பொய்யில்லை, ஆடத்தான் செய்யும். ஆனால் இந்த முட்டைகளுக்கு இனி தண்ணீரே ஆகாது.

நவம்பர் 23

இரவு கரண்ட் போனது. வெந்நீர் பாட்டில்களை ஓரத்தில் வைத்துப் பெட்டியைப் போர்வையால் மூடினேன், துளைகளை விட்டுவிட்டு. 34 வரை இறங்கியது. பயமில்லை, கொஞ்ச நேரக் குளிரைக் கரு தாங்கும், 40க்கு மேல் சூட்டைத்தான் தாங்காது.

நவம்பர் 24

விடியற்காலையிலிருந்து கீச்சுச் சத்தம். ஓட்டில் விரிசல் இல்லாத முட்டையிலிருந்தும் வருகிறது என்றால், அலகு காற்றறைக்குள் வந்துவிட்டது என்று பொருள். மத்தியானத்துக்குள் பலவற்றில் பொத்தல். ஒன்று மட்டும் குறுகிய முனையில் கொத்தியிருக்கிறது. அந்தப் பக்கம் காற்றறை கிடையாது, தலை மாறிப்போன குஞ்சு.

சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டன. மூடியைத் திறக்கவில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், தீனிக்கு அவசரமில்லை.

நவம்பர் 25

பொத்தல் போட்டு ஒரு நாள் ஆகியும் நகராத முட்டைகள் மூன்று. பொத்தல் ஓரமெல்லாம் மஞ்சளாகப் பசை. சவ்வு காய்ந்து ஒட்டுவது வேறு, இது வேறு. வற்றாமல் நின்ற நீர் காற்றுப் பட்டதும் கெட்டியாகி இறக்கையையும் ஓட்டையும் ஒட்டிவிடுகிறது.

பொரிந்தவற்றைப் புரூடருக்கு, அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் பெட்டிக்கு, மாற்றிவிட்டுக் கை கழுவி உட்கார்ந்தேன். முதலில் மூக்குத் துளையைச் சுத்தம் செய்தேன். பிறகு பொத்தலைச் சுற்றி ஓட்டை மட்டும் நகத்தால் பெயர்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சவ்வை வெதுவெதுப்பான நீரில் நனைத்த காது பட்ஸால் தொட்டேன். நனைந்தால் சவ்வு கண்ணாடியாகும், நரம்பு தெரியும். சிவப்பு நரம்பு இருந்தால் கை வைக்கக்கூடாது. ரத்தம் இன்னும் உள்ளே இழுபடவில்லை, கிழித்தால் வடிந்தே செத்துவிடும்.

முதலாவதில் நரம்பில்லை. தலையையும் ஒரு இறக்கையையும் விடுவித்து, மிச்சத்தை அதனிடமே விட்டேன். அரைமணியில் உதைத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவதில் சிவப்பு. அலகை மெல்லுவது மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது, மஞ்சள் கரு இன்னும் முழுக்க உள்ளே போகவில்லை. திரும்ப வைத்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தபோது நரம்பு மங்கியிருந்தது, அதுவும் பிழைத்தது. குறுகிய முனைக்காரனுக்கு நான் உட்காரும் முன்பே மூச்சு நின்றிருந்தது.

நவம்பர் 26

பொரியாத முட்டைகளைத் தென்னை மரத்தடியில் உடைத்துப் பார்த்தேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் இதைச் செய்யாவிட்டால் காரணம் தெரியாது. பெரும்பாலும் முழுதாக வளர்ந்த குஞ்சுகள், கழுத்து வீங்கி, சுற்றிலும் நீர். காற்றறையை எட்டுவதற்குள் மூழ்கியிருக்கின்றன. கரண்ட் போனதால் என்று அண்ணன் சொல்கிறான். குளிர் பட்டிருந்தால் தாமதமாகியிருக்கும், இப்படி நீர் கோத்திருக்காது.

நவம்பர் 29

உதவி செய்து எடுத்ததில் ஒன்றுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகொண்டன. மைக்ரோபோர் டேப்பை எட்டு வடிவில் சுற்றி, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தேன். இன்று அவிழ்த்ததும் நேராக நிற்கிறது. புரூடர் 35 டிகிரி. வாரம் மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் சொட்டாக. மருந்து 100 குஞ்சுக் கணக்கில்தான் வருகிறது, கலக்கினால் உடனே தீர்க்க வேண்டும். தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்களை அன்று காலையில் கூடையோடு வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாயியின் அடைக்கோழிக் குஞ்சுகளும் வருகின்றன.