ஒரு வாளி நிறையும் நேரம்

ஜூன் 6, வெள்ளி, இரவு

சின்னவன் தூங்கிவிட்டான். இடது கையில் முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரை கட்டு, வயிற்றில் ஒரு பட்டை. எத்தனை நிமிடம் தண்ணீர் காட்டினேன்?

ஜூன் 7

மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

பெரியவள் ஸ்கூல் வேன் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அத்தை சோறு வடிக்க உட்கார்ந்தார். தரையில் சட்டி, அதன்மேல் சாய்த்து வைத்த குண்டான். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதலில் சட்டி உருண்ட சத்தம்தான் கேட்டது. சின்னவனின் அலறல் அதற்கப்புறம்.

வடிகஞ்சி வெந்நீர் மாதிரி வழிந்து போய்விடுவதில்லை. பசையாக ஒட்டிக்கொண்டு சூட்டைத் தோலிலேயே பிடித்து வைக்கிறது. சட்டையைக் கழற்றினேன். கையிலிருந்த வெள்ளிக் காப்பையும் கழற்றினேன், வீங்கிவிட்டால் வராது என்று. தூக்கிக்கொண்டு பாத்ரூம் குழாய்க்கு ஓடினேன். இதுவரை எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், ஐஸ் கூடாது என்று பெரியவள் பிறந்த சமயம் படித்தது தலையில் இருந்தது. ஆனால் மேல் தொட்டியில் தண்ணீர் அடியில் கிடந்தது, குழாயில் நூலாகத்தான் வந்தது. அவன் திமிறினான். அத்தை இட்லி மாவுக் கிண்ணத்தோடு வந்து நின்றார். நான் வேண்டாம் என்றேன். எப்போது குழாயை மூடினேன், எப்போது அத்தை மாவைத் தடவினார், அது மட்டும் ஞாபகமே இல்லை. ஆட்டோவில் போகும்போது அவன் கையில் மாவு காய்ந்து, வெயில் பட்ட வண்டல் மாதிரி வெடித்திருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனேன்.

தெருமுனை கிளினிக்கில் அந்த மாவுக்கு மேலேயே ஒரு வெள்ளைக் களிம்பைப் பூசி, ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து பத்து. அங்கே சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் பட்டுச்சு?" எட்டரை இருக்கும் என்றேன். "மூணு மணி நேரத்துக்குள்ள தண்ணி காட்டினா பலன் உண்டும்மா" என்று சொல்லி, குழாயடியில் பிடித்து மாவையும் களிம்பையும் பதமாகக் கரைத்தார். தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் காயம் எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியுமாம். மாவு, பேஸ்ட், மஞ்சள், இங்க் எது தடவினாலும் அந்த நிறம் மறைந்துபோகிறது.

டாக்டர் அவனுடைய வலது கையைப் பிடித்து, விரல்களைச் சேர்த்து, காயத்துக்கு மேலே தொடாமல் காட்டிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குழந்தையின் உள்ளங்கை, விரல்களும் சேர்த்து, அதன் உடம்பில் ஒரு சதவீதம். இவனுக்கு நான்கு. பத்தைத் தாண்டினால் அட்மிட் செய்து டிரிப் ஏற்ற வேண்டியிருக்குமாம்.

காயத்தின் மேல் கொலாஜன் ஷீட், தோல் மாதிரி ஒரு மெல்லிய படலம், வைத்திருக்கிறார்கள். தானாக உரிந்து வர வேண்டும், நாம் பிய்க்கக் கூடாது. மூன்று வாரத்துக்குள் மூடிக்கொண்டால் பெரிய தழும்பு இருக்காது. மூடாவிட்டால் தோல் எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். மூன்று வாரம் முடிவது 27ஆம் தேதி.

ஜூன் 8

வலிக்குப் பாராசிட்டமால் சிரப் 3.6 மில்லி. பன்னிரண்டு கிலோ, கிலோவுக்கு 15 மில்லிகிராம், பாட்டிலில் 5 மில்லிக்கு 250. அலமாரியில் இருந்த பழைய பாட்டிலில் 125. ஒரே நிறம், ஒரே மூடி. பழையதைத் தூக்கிப் போட்டேன்.

ஜூன் 9, இரவு 2 மணி

101.4.

ஜூன் 10

தீக்காயம் சின்னதாக இருந்தாலும் முதல் சில நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே காட்டச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாந்தி, பேதி, துவண்டு போவது எது சேர்ந்தாலும் அந்த நிமிடமே. காயம் பார்க்க நன்றாக இருக்கும்போதே கிருமியின் நஞ்சு ரத்தத்தில் ஏறலாமாம். ராத்திரி முழுக்க டார்ச் அடித்து வயிற்றையும் முதுகையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சேலை நுனி பட்ட தடம் கூடத் தடிப்பாகத் தெரிந்தது.

அந்த இருட்டில் என் தம்பி ஞாபகம். எனக்கு ஏழு வயது, அவனுக்கு இரண்டு. காய்ச்சலில் கண் மேலே செருகி உடம்பு வெட்டி இழுத்தது. பாட்டி அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பல்லுக்கு நடுவில் ஸ்பூனை நுழைத்தார். வலிப்பு நின்றது, முன்பல் ஒன்று உடைந்தது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை காய்ச்சலில் இப்படி வருவது உண்டு என்றும், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் என்றும் பெரியவள் பிறந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதுவும் வைக்கக் கூடாது, தண்ணீர் கூட. மணியைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மணியைப் பார்க்க வேண்டும். இதைத்தான் 6ஆம் தேதி நான் செய்யவில்லை.

விடிந்ததும் ஓடினோம். கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். சீழ் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரி. சளிக் காய்ச்சலாம். திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான்தான் பேசவில்லை.

ஜூன் 11

அத்தை ஐந்து நாளாகச் சோறு வடிக்கவில்லை. குக்கர். குக்கர் சாதம் தொண்டையில் இறங்காது என்று இருபது வருஷமாகச் சொன்னவர், ஒன்றும் சொல்லாமல் அதையே சாப்பிடுகிறார்.

ஜூன் 12

முட்டை கொடுக்காதே, கத்தரிக்காய் கொடுக்காதே, சீழ் கோத்துக்கொள்ளும் என்று பார்க்க வருகிற எல்லாரும் சொல்கிறார்கள். சிஸ்டரோ தினமும் ஒரு முட்டை கட்டாயம் என்கிறார். புதுத் தோல் எதிலிருந்து வரும்? புரதத்திலிருந்துதானே. மாடி வீட்டு மாமி கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

ஜூன் 13

பால்கனிக் கொடியில் பாத்ரூம் மிதியடியை எடுக்கப் போனபோது சட்டென்று ஞாபகம் வந்தது. 6ஆம் தேதி சாயங்காலம் அதைப் பிழிந்து காயப் போட்டது நான்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குழாய்க்குக் கீழே வாளி இருந்தது. அப்படியானால் வாளி நிறைந்து, வழிந்து, வாசல் மிதியடி வரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது.

ஜூன் 14

எல்லாரும் தூங்கிய பிறகு செய்து பார்த்தேன். குழாயை அன்றைக்கு வந்தது மாதிரி நூலாகத் திறந்தேன். போனில் ஸ்டாப்வாட்ச். என் இடது கையை அடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் என்பது சொல்ல எளிது. மூன்று நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடுகிறது. எட்டு நிமிடத்தில் கை மரத்துப்போனது. அலறுகிற குழந்தையை வைத்துக்கொண்டு யாருக்கு இருபது நிமிடம் கை வரும்?

வாளி நிறைய 13 நிமிடம் 20 நொடி. தண்ணீர் மிதியடியைத் தொட 15 நிமிடம் 50 நொடி. சொட்டுகிற அளவுக்கு நனைய இன்னும் கொஞ்சம்.

பதினாறு நிமிடத்துக்குக் குறையாமல் காட்டியிருக்கிறேன். அதற்கப்புறம் சிஸ்டர் வேறு காட்டினார்.

ஜூன் 15

வாளி முதலிலேயே பாதி நிறைந்திருந்தால்?

ஜூன் 17

ஷீட்டின் ஓரங்கள் காய்ந்து தூக்குகின்றன. வயிற்றில் இருந்தது முழுசாக உரிந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பாக, எலிக்குஞ்சின் தோல் மாதிரி. முழங்கை மடிப்பில் மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரமாக இருக்கிறது. மடிப்பில் கஞ்சி தேங்கி நின்றிருக்கும்.

ஜூன் 18

பெரியவள் கேட்டாள், "தம்பி தொண்டையில ஏதாவது மாட்டிக்கிட்டா நான் என்ன பண்ணணும்?" எட்டு வயதுக்கு இதெல்லாம் எதற்கு என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அவளுடைய கரடி பொம்மையை எடுத்து வந்து சொல்லிக் கொடுத்தேன். சத்தமாக இருமினால் இருமவிட வேண்டும். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால் முன்பக்கம் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து பலமான அடி. வெளியே வரவில்லை என்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கையைப் பூட்டி உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்தம். வரும் வரை மாற்றி மாற்றி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தை என்றால் வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஐந்து, திருப்பி நடு நெஞ்சில் ஐந்து அழுத்தம்.

அவள் கரடியின் முதுகில் அடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள். "நீ முதல்ல சத்தம் போட்டுப் பெரியவங்களைக் கூப்பிடு. அதுதான் உன் வேலை" என்றேன்.

சாயங்காலம் வீடு முழுக்கச் சுற்றினேன். பினாயில் பழைய தண்ணீர் பாட்டிலில் இருந்தது, கொட்டினேன். விளக்கு எரிகிற பொம்மையில் வட்டமான பட்டன் பேட்டரி, திருகாணி லூஸ். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும், வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது, நேராக எக்ஸ்ரேவுக்குத்தான் ஓட வேண்டும். திருகாணியை முறுக்கினேன். மனசு கேட்கவில்லை, பொம்மையையே பரண் மேல் போட்டுவிட்டேன்.

ஜூன் 20

கீழ் வீட்டுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து மூக்கில் ரத்தம். அண்ணாந்து பிடிக்கச் சொல்லி நாலு பேர் சுற்றி நின்றார்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் போய் வாந்தி வரும். உட்கார வைத்து, முன்னால் குனிய வைத்து, எலும்புக்குக் கீழே மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பிடித்துக்கொண்டேன். 7.12லிருந்து 7.22 வரை. நடுவில் எடுத்துப் பார்க்கவே இல்லை. நின்றது. தலையில் அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இருந்தாலும் இரண்டு நாளைக்குக் கவனித்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன்.

7.12. 7.22. இவ்வளவுதானே, ஒரு தடவை சுவரைப் பார்ப்பது.

ஜூன் 22

அரிப்பு. ராத்திரி எல்லாம் சொறியப் பார்க்கிறான். கையுறை மாதிரி சாக்ஸ் மாட்டிவிட்டிருக்கிறேன். நாணயம் சுருங்கியிருக்கிறதா, என் கண்தான் அப்படிப் பார்க்கிறதா?

ஜூன் 24

அத்தையிடம் கேட்டேவிட்டேன்.

அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அன்னிக்குக் குழாய்க்குக் கீழ இருந்த வாளியில தண்ணி இருந்துதா அத்தை?" என்றேன். கை நின்றுவிட்டது. அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"காலி வாளிதாம்மா. துணி துவைச்சிட்டு நான்தான் கவுத்து வெச்சேன். நீ வந்து காலால நிமித்தி அடியில தள்ளின. பார்த்தேனே."

அப்புறம் சொன்னார், "நீ ரொம்ப நேரம் ஊத்தின. குழந்தைக்குக் குளிர் கண்டுடுமோன்னுதான் நான் மாவை எடுத்தாந்தேன். உன் புருஷனுக்கு அஞ்சு வயசுல சுட்டப்போ அதத்தான் போட்டேன்." இவர் வலது தோளில் இருக்கிற அந்தச் சுருங்கிய தழும்பு எனக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை.

நானும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

ஜூன் 25

இன்று அத்தை சோறு வடித்தார். மேடை மேல், சின்க்கிற்குள் சட்டியை வைத்து. வடிந்து முடியும் வரை பக்கத்திலேயே நின்றார்.

ஜூன் 26

அரைநாணயம்? ஈரம் இல்லை என்று நினைக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மாதிரி. இவரை எழுப்பிக் காட்டினேன். "காலைல அவங்க பார்ப்பாங்க, தூங்கு" என்றார்.

ஜூன் 27, காலை 6.40

முட்டை சாப்பிட்டான். கை நீளச் சட்டை. ஆட்டோ வந்துவிட்டது, அத்தையும் வருகிறார்.