வலக்கண் லேசரில், இடக்கண் சாதாரணமாக

இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிச் சிதறித் தெரிய ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் கூடுதல். "லேசரா, சாதாரணமா?" என்று கேட்டார்கள். கத்தி படாது, வலிக்காது, ஒளியைக் காட்டினால் புரை கரைந்துவிடும் என்ற நினைப்பில் லேசருக்குத் தலையாட்டினேன்.

நினைப்பு பாதி தப்பு. புரைக்குப் பயன்படுத்தும் லேசரின் பெயர் ஃபெம்டோசெகண்ட் லேசர்; அது கருவிழி ஓரத்தில் திறப்பு போடும். லென்ஸ் உறையின் முன்பக்கம் வட்டமாக வெட்டும். புரை பிடித்த லென்ஸைத் துண்டாக்கும். துண்டுகளை உறிஞ்சி எடுக்க, மீயொலியால் வேலை செய்யும் பேக்கோ கருவிதான் வேண்டும். 1967-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் மனிதக் கண்ணில் முதன்முதலாகச் செய்த அந்த மீயொலி முறைதான் இன்றைக்குச் 'சாதாரணம்'. அதிலும் திறப்பு 3 மில்லிமீட்டருக்குள்தான், பெரும்பாலும் தையல் கிடையாது. அதைச் செய்துகொண்டு லேசர் என்று சொல்லித் திரிபவர்கள் எத்தனையோ பேர்!

லேசரின்போது ஒரு வளையத்தைக் கண்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். வலி இல்லை, அழுத்தம்தான்; பார்வை கொஞ்ச நேரம் மங்கியது. பிறகு இன்னொரு மேஜை, மிச்ச வேலை. வெள்ளை விழியில் பட்ட ரத்தத் திட்டு மறைய இரண்டு வாரம் ஆயிற்று.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலக்கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த சுவர், இடக்கண்ணுக்குப் பழுப்பு. இத்தனை வருஷமும் அந்தப் பழுப்பைத்தான் வெள்ளை என்று நம்பியிருக்கிறேன்.

இடக்கண்ணுக்கு முன் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "உங்க புரைக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பிரான்ஸில் நடந்து 2020-ல் வெளியான, இரண்டு முறையையும் ஒப்பிட்ட ஃபெம்கேட் ஆய்வும் லேசர் மேல் என்று காட்டவில்லை. பேக்கோவே செய்துகொண்டேன். சொட்டு மருந்தில் மரத்துப்போன கண், மேலே ஒரு வெளிச்சம், கால் மணி நேரம். ஆறியபின் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

லேசரைப் பற்றித் துருவிய நான், புரையை எடுத்த இடத்தில் வைக்கும் செயற்கை லென்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. வைத்தது தூரத்தில் உள்ளதை மட்டும் தெளிவாகக் காட்டும் ஒற்றைக் குவிய லென்ஸ். படிக்கக் கண்ணாடி வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் ஏறக்குறைய 2.5 முதல் 3 டயாப்டர் வரை மாறிவிடுமாம். அளவெடுக்கும்போது ஆடாமல் உட்காருங்கள், சலிப்பாகத்தான் இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து வலக்கண் மறுபடி மங்கியது. புதிய லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உறை மூடிக்கொண்டதாம். யாக் என்ற இன்னொரு வகை லேசரால் அதில் ஒரு துளை போட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி சில நிமிடம்; வெட்டு இல்லை, கட்டு இல்லை, வலியும் இல்லை. முதல் நாள் நான் தலையாட்டியது இந்த லேசருக்குத்தான் போலிருக்கிறது.