நாலாவது வரி

அக்டோபர் 6
என்னிடம் படிக்க வரும் தம்பிக்கு, எழுதுவதில் குறைபாடு என்கிற சான்றிதழ் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 8
தம்பி இயற்பியல் விடைத்தாளோடு வந்தான். மூன்றாம் கேள்வியிலேயே எழுத்து சரிந்து, ஐந்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அதோடு நின்றுவிட்டது. மிச்சத்தை வாயால் கேட்டேன். விரலை நீவிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். வகுப்பில் சோம்பேறி என்றார்களாம். நாலாம் வகுப்பில் எனக்குச் சொன்ன அதே வார்த்தை.

அக்டோபர் 9
தூக்கம் வரவில்லை. சோம்பேறி.

அக்டோபர் 12
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை, விரல் வைத்து மெதுவாக வாசித்துக் காட்டினேன். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் அதில் இருக்கிறது. "இது சலுகைங்களாக்கா?" உரிமை என்றேன். அப்புறம் 2021 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் யூ.பி.எஸ்.சி. தேர்வுக்கு எழுத ஆள் கேட்டார். குறைபாடு 40 சதவீதம் இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். "அவரே கேட்டாருங்களா?" அவர் பேரில்தான் வழக்கு என்றேன். திரும்பவும் சொல்லச் சொன்னான்.

அக்டோபர் 15
எழுத ஆள் கிடைத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சொல்வது தனிப் பழக்கம். இன்று நான் எழுதினேன், அவன் சொன்னான். லென்ஸ் சமன்பாட்டை ஒரே மூச்சில் கொட்டினான். எழுதுபவருக்கு இயற்பியல் தெரியாது என்று வைத்துக்கொள், கோடு எங்கே, மேலே என்ன, கீழே என்ன என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். கதிர்ப்படத்தில் அம்பு எந்தப் பக்கம் என்றதும் கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். பக்கத்துத் தறிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். "அப்பா பெட்ஷீட்டுக்கு டிசைன் சொல்ற மாதிரி சொல்லட்டுங்களா?" இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக, எண்ணி எண்ணிச் சொன்னான். படம் சரியாக வந்தது! சென்னிமலைப் பிள்ளை.

அக்டோபர் 17
அவன் அம்மா போன் செய்தார். "நீங்களே பேசிப்போடுங்க அம்மிணி, அவன் வாயத் தொறக்க மாட்டான்." சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. எனக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் அம்மாதான் பேசினார். முதல் வேலையில் மேலாளர் முன்னால் நின்றபோது, எனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை. மாட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம். எனக்கும்தான்.

அக்டோபர் 18
பேச வேண்டியதை நாலு வரியாக போனில் பதிந்துகொண்டான். என்ன சிரமம். எது இருந்தால் முடியும். அரையாண்டுத் தேர்விலேயே வேண்டும், அப்போதுதான் மார்ச்சுக்குள் பழகும். நாலாவதைக் கேட்க விடவில்லை.

அக்டோபர் 20
தீபாவளி. நினைப்பெல்லாம் சான்றிதழ்.

அக்டோபர் 22
வந்துவிட்டது. பேரில் ள, ல ஆகியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. அவன்தான் கண்டுபிடித்தான். திருத்தியும் அவனே வாங்கி வந்தான்.

அக்டோபர் 24, காலை 10.20
தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன். "நீங்க இங்கியே இருங்கக்கா" என்று உள்ளே போனான். கதவு பாதி திறந்திருக்கிறது. ஃபேன் சத்தத்துக்கு மேலே அவன் குரல் கேட்கிறது. மூன்று வரி ஆயிற்று. இப்போது