மேடைக்கு விளிம்பு உண்டு

மின்னணு நடன இசையில் ஒரு வகையான டிரான்ஸ் கேட்பவர்களிடம் ஜெர்மன் டிஜே பால் வான் டைக் பெயரைச் சொன்னால், அவருடைய 'ஃபார் ஆன் ஏஞ்சல்' பாட்டைச் சொல்வார்கள். 2005, 2006 என அடுத்தடுத்து இரண்டு வருடம் 'டிஜே மேக்' இதழின் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தவர் என்பார்கள். ஜெர்மனியில் மேடை கட்டும் வேலையில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வருவது 2016 பிப்ரவரி 27. அன்று நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் நடந்த பெரிய விழா ஒன்றில் அவர் மேடையிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் முறிவு, மூளையில் பலத்த காயம். பேச, நடக்க, சாப்பிட எல்லாமே மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மேடையில் ஓர் இடைவெளி இருந்திருக்கிறது. அதைக் கறுப்புத் துணி மூடியிருந்தது. கீழே பலகை இருக்கிறது என்று நினைத்துத்தான் அவர் கால் வைத்தார்.

நான் படிக்கும் காலத்தில் மணிக்கூலிக்கு இந்த வேலைக்கு வந்தவன். படிப்பு முடிந்த பிறகும் போக மனம் வரவில்லை. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் பலகைகள். ஒவ்வொன்றுக்கும் அலுமினியச் சட்டம், நான்கு கால். அவற்றை வரிசையாக வைத்துப் பூட்டினால் மேடை. எங்கள் கையில் அதிகம் புழங்கும் இன்னொரு பொருள் மோல்டன் என்கிற கறுப்புத் துணி. கெட்டியான பருத்தி, தீப்பிடிக்காதபடி பதப்படுத்தியது. கேபிள், மேடைக்கால், காலிப் பெட்டி எதுவானாலும் அதன்மேல் இழுத்து மூடிவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும். மண்டபத்தின் வெள்ளை விளக்குகள் எரியும்போது துணி எது, பலகை எது என்று குழந்தைகூடச் சொல்லும். நிகழ்ச்சி விளக்குகள் வந்து, புகையும் கிளம்பிய பிறகு, கட்டியவனுக்கே தெரியாது.

வான் டைக்கின் வாழ்க்கையை நான் ஒரு தொழிலாளியின் கதையாகத்தான் பார்க்கிறேன். அப்படித்தான் அது தொடங்கவும் செய்தது. 1971ல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். இயற்பெயர் மத்தியாஸ் பால். பிறந்த ஐசன்ஹ்யூட்டன்ஷ்டாட் ஓர் எஃகு ஆலைக்காகவே 1950களில் எழுப்பிய ஊர். வளர்ந்தது கிழக்கு பெர்லினில், தனியாக வளர்த்த தாயிடம். விரும்பிய இசைத்தட்டைக் கடையில் வாங்க அங்கே வழியில்லை. மேற்கு பெர்லின் வானொலிதான் ஒரே கதி. பெர்லின் சுவர் விழுவதற்குச் சற்று முன்பு, 1989ல், தாயும் மகனும் மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் அவர் பெர்லினுக்குத் திரும்பினார். பகலில் தச்சு வேலை, இரவில் இசைத்தட்டு.

1991ல் பெர்லினின் ட்ரெஸோர் என்ற டெக்னோ கிளப்பில் முதல் வாய்ப்பு. அது பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் நிலவறை. முன்பு பணப் பெட்டகங்கள் இருந்த இடம். துருப்பிடித்த லாக்கர்கள், தாழ்ந்த கூரை, கம்பித் தடுப்புக்குப் பின்னால் டிஜே. ஆடுகிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில். அங்கே விழ வேண்டும் என்றாலும் அதற்கு உயரம் கிடையாது.

உயரம் பிறகுதான் வந்தது. 1989ல் பெர்லினில் லவ் பரேடு என்ற டெக்னோ இசைத் தெரு ஊர்வலம் முதல்முறை நடந்தபோது வந்தவர்கள் சுமார் 150 பேர். பத்தே வருடத்தில் கூட்டம் 15 லட்சத்தைத் தொட்டது. பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றால் டிஜேவை மேலே ஏற்றித்தானே ஆக வேண்டும்? முதலில் ஒரு மேசை, அப்புறம் ஒரு மேடை, அப்புறம் அந்த மேடைக்கு மேல் இன்னொரு மேடை, பின்னால் வீடு உயரத்துக்கு எல்இடி திரை. அவர் ஏற ஏற நாங்களும் கட்டிக்கொண்டே போனோம். ஏறியவர் நிற்கும் இடமும் ஒரு வேலைத்தலம் என்ற நினைப்பு மட்டும் அந்த வேகத்துக்கு வளரவில்லை.

ராக் இசைக்குழு மதியமே வந்துவிடும். சவுண்ட் செக் நடக்கும். கித்தார்காரர் மேடையின் நாலு மூலைக்கும் போய் வருவார், ஏதாவது ஆடினால் சத்தம் போடுவார். டிஜே நிலைமை வேறு. பல நேரம் விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறார். நள்ளிரவு தாண்டியிருக்கும். முந்தைய டிஜேயின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரோ பிடிக்கும் டார்ச்சைப் பார்த்துப் பின்படியில் ஏறுவார். அடுத்த இரண்டாவது நிமிடம் ஆயிரக்கணக்கானவர்கள் அவர் கையில். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு அவசர வழி எது, ஆபத்தான இடம் எது என்று காட்டாமல் இயந்திரத்தின் பக்கமே விட மாட்டார்கள்.

வான் டைக் சும்மா நின்று பட்டனை அழுத்துகிறவரும் இல்லை. டிஜே என்றாலே கையை ஆட்டுகிற வேலை என்று கிண்டல் செய்பவர்கள் அவர் வாசிப்பதை ஒருமுறை பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம். லேப்டாப், கன்ட்ரோலர்கள், கீபோர்டு. ஓடும் இசைமீது அங்கேயே மெட்டு வாசித்து, அங்கேயே மாற்றுவார். நடுவில் திரும்பிக் கூட்டத்தைக் கூப்பிடுவார். கையும் காதும் இவ்வளவு வேலை செய்யும்போது கண் எப்படித் தரையில் இருக்கும்?

2010ல் டூயிஸ்பர்க் லவ் பரேடு நெரிசலில் 21 பேர் இறந்த பிறகு இந்த நாட்டில் கூட்டப் பாதுகாப்பைப் பற்றிப் பேசாத திட்டக்கூட்டமே இல்லை. வாசல் எத்தனை, வழி எவ்வளவு அகலம் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விவாதிப்போம். நியாயம்தான். மேடைமேல் நிற்பவர் மட்டும் அந்தக் கணக்கில் வருவதேயில்லை.

உத்ரெக்ட் வழக்கில் நடுவர் தீர்ப்பு அவருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. அதைவிட எனக்கு ஆச்சரியம், அதே 2016 ஜூனில் அவர் லாஸ் வேகஸில் மறுபடியும் மேடை ஏறியது. முதுகெலும்பு உடைந்து நான்கே மாதம். அடுத்த வருடம் 'ஃப்ரம் தென் ஆன்' ஆல்பமும் வந்தது.

எங்கள் சண்டைகள் இன்னும் தீரவில்லை. பக்கவாட்டிலும் பின்னாலும் கைப்பிடித் தடுப்பு வைத்தால், "கேமராவில் அசிங்கமாகத் தெரிகிறது, எடுங்கள்" என்று காட்சி வடிவமைப்பாளர் வருவார். பார்வையாளர்களைப் பார்த்த விளிம்புக்கு ஜெர்மன் விதியிலேயே விலக்கு உண்டு. அங்கே வெள்ளை டேப் ஒட்டுவதோடு சரி. அதையும் யாராவது கறுப்பு டேப்பால் மூடிவிட்டுப் போவார்கள், படத்தில் கோடு தெரிகிறதாம்! இடைவெளிமேல் துணி போடச் சொன்னால் நான் முதலில் அடியில் பலகை கேட்பேன். பலகை இல்லையென்றால் துணியும் இல்லை. இதனால் எனக்குப் பிடிவாதக்காரன் என்ற பெயர்.

டிஜேக்களின் சார்பில் வரும் ரைடர், அதாவது மேடையில் என்னென்ன வேண்டும் என்ற பட்டியல், சில நேரம் பத்துப் பக்கம் இருக்கும். மிக்ஸர் எந்த மாடல், மேசை எத்தனை சென்டிமீட்டர் உயரம், கறுப்புத் துண்டு எத்தனை, தண்ணீர் குளிர்ந்ததா சாதாரணமா, எல்லாம் எழுதியிருக்கும். தொடங்குவதற்கு முன் வெளிச்சத்தில் ஒருமுறை மேடையைச் சுற்றி நடக்க வேண்டும் என்ற வரியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அது எழுதியிருந்தால், ஓடும் நிகழ்ச்சியை நிறுத்தி விளக்கைப் போடச் சொல்லும் தைரியம் எனக்கும் வரும்.